கரிய கல்லில் கதிர் கண்ட அம்மையார்

பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை நமது பள்ளி மலரில் ஆண்டுதோறும் எழுதி வருகிறோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டவர் மேரி கியூரி அம்மையார். அவர் இரு முறை நோபல் பரிசு பெற்றவர் என்பதும், ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் என்பதும் பலரும் அறிந்த செய்திகளே. ஆயினும் அவர்தம் ஆராய்ச்சி வாழ்வு யுரேனியம் என்னும் ஒரு தனிமத்திலிருந்து தொடங்கியது என்பதையும், அத்தனிமமும் அதன் வழித்தோன்றல்களும் அவருக்கு அளித்தது எவ்வளவு, அவரிடமிருந்து பறித்தது எவ்வளவு என்பதையும் அறிந்தோர் சிலரே. ஆகவே அம்மையாரின் வரலாற்றோடு யுரேனியத்தின் வரலாற்றையும் சேர்த்தே கூறப் புகுகின்றோம்.

போலந்து நாட்டின் வார்சா நகரில், 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், ஆசிரியத் தம்பதியருக்கு ஐந்தாவது மகவாக மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா பிறந்தார். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். தாயார் பெண்கள் பள்ளியொன்றின் தலைமையாசிரியையாக விளங்கியவர். அக்காலத்தில் வார்சா ருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் தாய்மொழிக்கு இடமில்லை. ருசிய மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்பது சட்டம். மரியா பயின்ற பள்ளியிலோ ஆசிரியைகள் போலந்தின் வரலாற்றைப் போலந்து மொழியிலேயே மறைவாகக் கற்பித்து வந்தனர். மேற்பார்வையாளர் வாயிலில் நுழைந்ததும் மணி ஒன்று மெல்ல ஒலிக்கும். நொடிப்பொழுதில் புத்தகங்கள் மறையும். பிள்ளைகள் ஊசியும் நூலும் துணியுமாகத் தையல் வகுப்பில் அமர்ந்திருப்பர். ருசிய மொழியில் அவர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூற எழுப்பப்படுபவள் பெரும்பாலும் சிறுமி மரியாவே. தடுமாறாது விடை கூறுவாள். அவர் சென்ற பின்னர் ஆசிரியை அணைத்துக்கொள்ள, அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பொங்கி வருமாம். தாய்மொழிப் பள்ளியில் பணியாற்றும் நம் போன்றோர் இச்செய்தியை எளிதில் கடந்து செல்ல இயலாது.

பள்ளிகளில் ஆய்வுக்கூடப் பயிற்சியையும் ஆட்சியாளர் நிறுத்தினர். தந்தையார் தம் ஆய்வுக் கருவிகளை வீட்டிற்கே கொண்டுவந்து கண்ணாடிப் பேழையில் வைத்தார். கண்ணாடிக் குழல்களையும் சிறு தராசையும் அண்ணாந்து பார்த்தவாறே மரியா வளர்ந்தாள். மூத்த அக்காள் நச்சுக் காய்ச்சலுக்கு இரையானார். மரியாவுக்குப் பத்து வயதாயிருக்கையில் தாயாரும் காசநோயால் மறைந்தார். துன்பத்திற்கிடையிலும் படிப்பு தளரவில்லை. 1883ஆம் ஆண்டு தங்கப் பதக்கத்துடன் பள்ளிக் கல்வியை முடித்தார்.

பெண்களுக்கு வார்சாப் பல்கலைக்கழகத்தின் கதவு அடைபட்டிருந்தது. தமக்கை புரோனியாவும் மரியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தமக்கை முதலில் பாரிஸ் சென்று மருத்துவம் பயில்வது. தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. பின்னர்த் தமக்கை தங்கையை அழைத்துக்கொள்வது. சொன்ன சொல்லை இருவருமே காத்தனர். மரியா ஒரு நாட்டுப்புறப் பண்ணைக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையாக அமர்ந்தார். ஓய்வு நேரத்தில் அவ்வூர் உழவர்தம் பிள்ளைகளைக் கூட்டிப் போலந்து எழுத்துகளைக் கற்பித்தார். அது வெளியே தெரிந்திருந்தால் தண்டனை உறுதி. இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்து, 1891ஆம் ஆண்டு நவம்பரில், இருபத்து நான்கு வயதில், அவர் பாரிஸ் மாநகரை அடைந்தார்.

அங்கு மேல்மாடத்துச் சிற்றறை; குளிர்காலத்தில் கைகழுவும் நீரும் உறைந்துவிடும். ரொட்டியும் தேநீரும் உணவு. பசியால் மயங்கி வீழ்ந்ததும் உண்டு. எனினும் 1893இல் இயற்பியல் தேர்வில் முதலிடமும், 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடமும் பெற்றார். 1895ஆம் ஆண்டு பியேர் கியூரி என்னும் இயற்பியலாளரை மணந்து மேரி கியூரி ஆனார். மணப்பரிசாக வந்த பணத்தில் இரு மிதிவண்டிகள் வாங்கி, பிரான்சு நாட்டின் சிற்றூர்ச் சாலைகளில் சுற்றியதே அவர்களது திருமணப் பயணம். 1897இல் ஐரீன் என்னும் பெண்மகவு பிறந்தது. முனைவர் பட்டத்திற்கு ஏற்ற ஆராய்ச்சிப் பொருளை அம்மையார் தேடிக்கொண்டிருந்த காலமும் அதுவே.

இவ்விடத்தில் யுரேனியத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

1789ஆம் ஆண்டு கிளாப்ரோத் என்னும் செருமானிய வேதியியலார், பிட்ச்பிளெண்ட் எனப்படும் கரிய கனமான கல்லில் புதியதொரு தனிமம் இருப்பதைக் கண்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனசு கோளின் பெயரையொட்டி அதற்கு யுரேனியம் எனப் பெயரிட்டார். ஆனால் அவர் கையில் கிடைத்தது தூய உலோகமன்று; உயிர்வளியுடன் சேர்ந்த ஆக்சைடே. 1841இல்தான் பெலிகோ என்னும் பிரெஞ்சுக்காரர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். வெள்ளி நிறங்கொண்ட அவ்வுலோகம் காற்றுப் பட்டவுடன் மங்கிக் கறுக்கும். நுண்பொடியாக்கினால் தானே தீப்பற்றும். மிகுந்த கனமுடையது. ஒரு லிட்டர் கொள்ளும் பால்குவளையில் ஈயத்தை வார்த்தால் பதினொரு கிலோகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அதே குவளையில் யுரேனியம் ஏறத்தாழ பத்தொன்பது கிலோகிராம் இருக்கும். அரிய பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பூமியின் மேலோட்டில் அது வெள்ளியைவிட மிகுதியாகவே உள்ளது. சாதாரண மண்ணிலும் பாறையிலும் டன்னுக்கு இரண்டு மூன்று கிராம் கலந்திருக்கும், கடல்நீரிலும் உண்டு.

அதன் உப்புகள் அழகிய மஞ்சள் நிறம் வாய்ந்தவை. நூறாண்டுக்கு மேலாக உலகம் அதனைப் பயன்படுத்தியது இந்த அழகுக்காகவே. கண்ணாடிக் கிண்ணங்களுக்கு இளம்பச்சை கலந்த மஞ்சள் ஒளியும், பீங்கான் தட்டுகளுக்குச் செம்மஞ்சள் வண்ணமும் ஊட்ட அது உதவிற்று. அதற்கான கல்லை அகழ்ந்த இடங்களுள் புகழ்பெற்றது, அன்று ஆஸ்திரியப் பேரரசிலும் இன்று செக் குடியரசிலும் உள்ள யோவாகிம்ஸ்தால் என்னும் மலையூர். அவ்வூர் முதலில் வெள்ளிச் சுரங்கத்தால் பெயர் பெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு அடிக்கப்பட்ட வெள்ளி நாணயத்திற்கு ஊர்ப்பெயராலேயே தாலர் என்று பெயர் வழங்கிற்று. அதுவே மருவி டாலர் ஆயிற்று. நம் மக்கள் ரிங்கிட்டையும் டாலரையும் இன்றும் வெள்ளி என்று சொல்வதை எண்ணிப் பார்க்கும்போது, அச்சொல்லின் பொருத்தம் நமக்கு வியப்பையே தருகின்றது. நிற்க.

1896ஆம் ஆண்டு பாரிசில் என்றி பெக்கெரல் என்னும் அறிஞர், ஒளிபுகாத கரிய தாளில் சுற்றிய நிழற்படத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்து ஆராய்ந்து வந்தார். வெயில் பட்டால்தான் அவ்வுப்பு கதிர்விடும் என்பது அவர் கருத்து. சில நாள்கள் வானம் மூடியிருந்தமையால் தகட்டை இழுப்பறையில் வைத்துவிட்டார். பின்பு எடுத்துக் கழுவிப் பார்த்தபோது, இருளிலேயே உப்பின் உருவம் தகட்டில் நன்கு பதிந்திருந்தது! வெயிலும் இல்லை, வெப்பமும் இல்லை. கல் தானாகவே கதிரை வீசுகின்றது. இதனை அறிவுலகம் அன்று பெரிதாக மதிக்கவில்லை. மேரி அம்மையார் மதித்தார். அதையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்த இடம், பியேர் பணியாற்றிய தொழிற்கல்விக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஈரம் கசியும் ஒரு பண்டக அறை. 1898 பிப்ரவரியில் ஒரு நாள் அறையின் வெப்பம் ஆறு பாகைக்குச் சற்றே மேல் இருந்ததை வியப்புக்குறிகள் பல இட்டுத் தம் ஏட்டில் குறித்துள்ளார். யுரேனியக் கதிர் காற்றில் மின்சாரம் செல்ல வழி செய்யும். அம்மின்சாரம் மிகமிகச் சிறியது. பியேரும் அவர் தமையனாரும் முன்பே அமைத்திருந்த நுண்கருவியைக் கொண்டு அம்மையார் அதனை அளந்தார். பிறர் கதிர் உண்டா இல்லையா என்று பார்த்தனர். இவர் எவ்வளவு என்று அளந்தார். இதுவே அவர் வெற்றிக்கு வித்து என்று நாம் கருதுகிறோம்.

அளந்து கண்டது யாது? யுரேனியத்தின் எடை இரட்டித்தால் கதிரும் இரட்டிக்கின்றது. உப்பாக இருந்தாலும் உலோகமாக இருந்தாலும், ஈரமாயினும் உலர்வாயினும், சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் கதிரில் மாற்றமில்லை. யுரேனியம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே கதிர். வேதியியல் மாற்றம் எதுவாயினும் பொருளின் தன்மை மாறுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். பாலில் அமிலம் இட்டால் திரிகிறது. இரும்பு ஈரத்தில் துருப்பிடிக்கிறது. இக்கதிரோ எதற்கும் அசையவில்லை. எனவே இது அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வதனால் வருவதன்று. தனித்தனி அணுவின் உள்ளிருந்தே வருவது என்னும் முடிவுக்கு அம்மையார் வந்தார். பிளக்கவொண்ணாதது, மாறாதது என்று நம்பப்பட்ட அணுவினுள் ஏதோ நிகழ்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம். இத்தன்மைக்குக் கதிரியக்கம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டியவரும் அவரே. தோரியம் என்னும் தனிமத்திற்கும் இத்தன்மை உண்டு என்பதையும் கண்டார்.

அடுத்து நிகழ்ந்ததே பெரும் புதுமை. தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கெழுதிய பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாளியில் உள்ள பாலின் எடை வேறு. அதில் உலர்ந்து நிற்கும் ரப்பரின் எடை வேறு. பிட்ச்பிளெண்ட் கல்லில் உள்ள யுரேனியத்தைக் கணக்கிட்டு, இவ்வளவு கதிர் வரவேண்டும் என்று அம்மையார் எதிர்பார்த்தார். வந்ததோ ஏறக்குறைய நான்கு மடங்கு! கருவி பிழையோ என ஐயுற்று மீண்டும் மீண்டும் அளந்தார். சால்கோலைட்டு என்னும் வேறொரு யுரேனியக் கல்லிலும் கதிர் மிகையாகவே வந்தது. அக்கல்லில் அடங்கிய பொருள்களைத் தூயனவாக எடுத்து, அதே போன்ற கல்லைச் செயற்கையாகத் தாமே செய்து அளந்தார். செயற்கைக் கல் கணக்கின்படியே கதிர் வீசியது. ஆகவே இயற்கைக் கல்லில் மட்டும், யுரேனியத்தைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள வேறு ஏதோ ஒளிந்திருக்க வேண்டும். பியேர் தம் சொந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு மனைவியாருடன் சேர்ந்துகொண்டார். 1898 சூலையில் ஒரு புதிய தனிமத்தை அறிவித்தனர். உலகப் படத்தில் தனி நாடாக அன்று இடம்பெறாத தம் தாயகத்தின் பெயரால் அதற்குப் பொலோனியம் எனப் பெயரிட்டார் அம்மையார். அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது ரேடியம்.

அறிவித்தால் போதுமா? கண்ணால் காட்டு, எடையைக் கூறு என்றனர் வேதியியலார். அதற்கு டன் கணக்கில் கல் வேண்டும், விலையோ கட்டாது. யோவாகிம்ஸ்தாலில் கண்ணாடிக்காக யுரேனியத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய கழிவைப் பைன் மரக்காட்டில் கொட்டி வைத்திருந்தனர். ரேடியம் அக்கழிவில்தானே இருக்க வேண்டும்? ஆஸ்திரிய அரசு ஒரு டன் கழிவை அளித்தது. பைன் மரத்தின் ஊசியிலைகள் கலந்த பழுப்புநிறத் தூள் மூட்டை மூட்டையாகப் பாரிசுக்கு வந்து சேர்ந்தது. மருத்துவ மாணவர்கள் முன்பு பிணங்களை அறுத்துப் பயின்று பின்னர்க் கைவிட்டிருந்த கொட்டகை ஒன்றே ஆய்வுக்கூடமாயிற்று. கண்ணாடிக் கூரை மழைக்கு ஒழுகும். கோடையில் வேகும், பனிக்காலத்தில் உறையும். அங்கு அம்மையார் இருபது இருபது கிலோகிராமாகக் கழிவைக் கொதிக்கவைத்து, தம் உயரத்திற்கு நிகரான இரும்புக் கோலால் நாள் முழுதும் கிண்டினார். கரைத்தல், வடித்தல், உறையவைத்தல், மீண்டும் கரைத்தல் எனப் பல்லாயிரம் முறை. உப்பு நீர் வற்ற வற்ற, கரைதிறன் குறைந்த உப்பு முதலில் படிகமாக உறையும் என்பதே இம்முறையின் அடிப்படை. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1902இல் கிடைத்தது பத்தில் ஒரு கிராம் ரேடிய உப்பு. நான்கைந்து அரிசி மணிகளின் எடை! இரவு உணவுக்குப் பின் தம்பதியர் கொட்டகைக்குச் சென்று விளக்கேற்றாமல் நிற்பார்களாம். இருளில் கண்ணாடிக் குப்பிகள் நீலம் பாய்ந்து மின்னுமாம்.

இத்தனை சிறிதளவே கிடைத்தது ஏன் என்பதற்கான விடையைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். யுரேனிய அணு கதிரை வீசிவிட்டு வேறு அணுவாகின்றது, அதுவும் மாறுகின்றது. இவ்வாறு படிப்படியாக இறங்கும் வழியில் ரேடியம் பிறக்கும்; ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வளி பிறக்கும்; பின்னர்ப் பொலோனியம்; முடிவில் கதிரற்ற சாதாரண ஈயம். யுரேனியத்தில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும். ரேடியத்தில் பாதி மாற 1600 ஆண்டுகளே. ரேடானுக்கோ நான்கு நாள் கூட வேண்டியதில்லை. மெல்ல மாறுவது குவிந்து கிடக்கும். விரைந்து மாறுவது அருகிக் கிடக்கும். ஏறக்குறைய மூன்று டன் யுரேனியத்தோடு ஒரு கிராம் ரேடியமே கூடியிருக்கும் என்பது கணக்கு.

1903இல் அம்மையார் முனைவரானார். அவ்வாண்டே பெக்கெரலுக்கும் கியூரி தம்பதியருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் அம்மையாரின் பெயரை விட்டுவிட எண்ணியிருந்தனர். அச்செய்தி அறிந்த பியேர் வற்புறுத்திய பின்னரே அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ரேடியம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருப்பர். அது அறிவியலுக்கு முரணானது எனக் கருதி, கேட்டவர்க்கெல்லாம் முறையைச் சொல்லிக்கொடுத்தனர்.

அதே வேளையில் அக்கதிர் தன் மறுபக்கத்தையும் காட்டத் தொடங்கிற்று. பியேர் வேண்டுமென்றே தம் கையில் ரேடியத்தைச் சில மணிநேரம் கட்டி வைத்துப் பார்த்தார். தோல் வெந்து, புண் ஆற வாரங்கள் பல சென்றன. சட்டைப்பையில் சிறு குப்பியை வைத்திருந்த பெக்கெரலுக்கும் அதே கதி. தோலைச் சுடும் கதிர் கட்டியையும் சுடுமன்றோ? புற்றுநோய்க் கட்டிகளை ரேடியத்தால் கருக்கும் மருத்துவம் இப்படித்தான் பிறந்தது. எண்ணற்றோர்க்கு உயிர் தந்தது. அம்மையாரின் விரல்நுனிகளோ காய்ந்து வெடித்துத் தடித்தன. இருவரும் ஓயாத களைப்புக்கு ஆளாயினர். கொட்டகையின் கடுமையே காரணம் என்று எண்ணினர்.

1906 ஏப்ரல் 19ஆம் நாள், மழையில் நனைந்த பாரிஸ் தெரு ஒன்றில், குதிரை வண்டியின் சக்கரத்தில் சிக்கிப் பியேர் உயிர்நீத்தார். முப்பத்தெட்டு வயதில் இரு பெண்குழந்தைகளுடன் அம்மையார் தனித்து நின்றார். சோர்போன் பல்கலைக்கழகம் கணவரின் பாடங்களை அவரிடமே ஒப்படைத்தது. நவம்பர் மாதத்தில் கூட்டம் நிறைந்த மண்டபத்தில் நுழைந்த அவர், எவ்வித முன்னுரையுமின்றி, பியேர் நிறுத்திய இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய முதல் பெண்மணி அவரே.

அவர் சிறுவர்க்கும் ஆசிரியராக இருந்தார் என்பதைப் பலர் அறியார். பேராசிரியர் சிலர் கூடி, தத்தம் பிள்ளைகளுக்குத் தாமே முறைவைத்துக் கற்பித்தனர். அம்மையாரின் பங்கு இயற்பியல். மிதிவண்டியின் இரும்புக் குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்தளத்தில் உருட்டிவிட, அவை வளைகோடு வரையும். விழும் பொருளின் வழியைப் பிள்ளைகள் கண்ணால் காண்பர். ஒரு நாள், பாத்திரத்திலுள்ள சூடான நீர்மம் ஆறாமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். கம்பளியால் சுற்றலாம் என்றும் வேறு பலவாறும் அறிவாளிப் பிள்ளைகள் விடை கூறினர். தாமாயின் முதலில் மூடியைப் போடுவேன் என்றார் அம்மையார். பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற கற்பித்தல் முறைகள் யாவும் இந்த ஒரு வினாவிற்குள் அடங்கும் எனத் தோன்றுகிறது. ஆனால் பிள்ளைகளுக்கு மூடியை நினைவூட்டிய அவர், ரேடியக் கலங்களைத் திறந்த நிலையிலேயே பல்லாண்டுகள் கையாண்டு வந்தார்.

1911இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் தேர்தலில் ஓரிரு வாக்குகளில் தோற்றார். அவ்வாண்டு இறுதியில் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும், எக்ஸ் கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். தாமே வண்டி ஓட்டக் கற்றார். பதினேழு வயது ஐரீனும் உடன் சென்றாள். வண்டிகள் இருபது, நிலையான கூடங்கள் இருநூறு. பயிற்சி பெற்ற பெண்கள் ஏறத்தாழ நூற்றைம்பதின்மர். குண்டு எங்கே தங்கியது, எலும்பு எங்கே முறிந்தது என்று பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர்களுக்கு அக்கருவிகள் காட்டின. கருவிக்கருகே நின்ற அவர்களுக்குத் தக்க பாதுகாப்பு இருக்கவில்லை.

போருக்குப்பின் ஒரு கிராம் ரேடியத்தின் விலை ஒரு இலட்சம் அமெரிக்க டாலர். முறையை உலகுக்கே வழங்கியவரால் அதை வாங்க இயலவில்லை. அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டினர். 1921 மே மாதம் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அக்கொடையை வழங்கினார். கொடைப்பத்திரத்தை முதல்நாள் இரவு படித்த அம்மையார், அது தமக்கன்றி ஆய்வுக்கூடத்திற்கே உரியது என்று திருத்தி எழுதும்வரை உறங்கச் செல்லவில்லை. அமெரிக்க மக்களின் கொடையால் 1929இல் கிடைத்த மற்றொரு கிராமை வார்சாவில் தாம் தோற்றுவித்த ரேடிய நிலையத்திற்கு அளித்தார்.

இதே காலத்தில் அமெரிக்காவில் இரவில் ஒளிரும் கைக்கடிகாரங்கள் விற்பனையாயின. முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த வண்ணத்தைப் பூசியவர்கள் இளம்பெண்கள். தூரிகையின் முனை கூராக வேண்டுமென்று உதட்டில் வைத்துக் குவிக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உடல் ரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்தென மயங்கி எலும்பில் சேர்த்துவைக்கும். பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அழுகியது, பலர் மாண்டனர். நியூ ஜெர்சி மாநிலத்து ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் ஈட்டுத்தொகையுடன் முடிந்தது. யுரேனியச் சுரங்கத் தொழிலாளரின் துயரமோ அதனினும் பழையது. யோவாகிம்ஸ்தாலுக்கு அருகிலுள்ள சுனீபெர்க் சுரங்கத்தாரை வாட்டிய நோய் நுரையீரல் புற்றே என்று 1879இல் இரு மருத்துவர்கள் கண்டனர். காற்றோட்டமற்ற சுரங்கத்தில் ரேடானையும் அதன் வழித்தோன்றல்களையும் மூச்சோடு இழுத்ததே காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. யுரேனியத்தின் ஆல்பாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். ஆனால் தூளாகவோ நீரிலோ உடலினுள் சென்றால் அது ஒரு கன உலோக நஞ்சாகி முதலில் சிறுநீரகத்தைத் தாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு.

அம்மையார் என்ன செய்தார்? தம் ஆய்வுக்கூடத்தினர் இடுக்கியால் மட்டுமே குப்பிகளைத் தொடவும், ஈயத் தடுப்பின் பின்னிருந்து பணிபுரியவும், இரத்தச் சோதனை செய்துகொள்ளவும் விதிகள் வகுத்தார். தாம் அவற்றைப் பேணவில்லை. கண்களில் படலம் படர்ந்து நான்கு முறை அறுவை நடந்தது. அதையும் வெளியில் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த ரேடியத்தைக் குற்றவாளியாகக் காண அவர் மனம் ஒப்பவில்லை போலும். அவ்வளவு நுட்பமாக அளந்தவர் தம் உடலை அளக்கத் தவறியது நமக்கு வருத்தமே. 1934 சனவரியில் ஐரீனும் மருமகன் ஃபிரெடெரிக்கும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்து, அச்சிறு குழாயைத் தாயாரின் தழும்பேறிய விரல்களில் வைத்தனர். அவ்வாண்டு சூலை 4ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், இரத்த அணுக்கள் ஊறாமற்போன சோகை நோயால் அம்மையார் மறைந்தார். மகள் ஐரீனும் 1956இல் இரத்தப் புற்றினால் இறந்தார்.

யுரேனியத்தின் கதை அவருடன் முடியவில்லை. 1938 இறுதியில் பெர்லினில் ஆட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பாய்ந்த யுரேனியத்தில் பேரியம் இருக்கக் கண்டனர். அணு இரண்டாகப் பிளந்தது என்று விளக்கியவர்கள் லீசா மைட்னர் அம்மையாரும் அவர் உடன்பிறந்தார் மகன் ஃபிரிஷும். எளிதில் பிளப்பது 235 என்னும் வகையே. இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு அது ஏழே அணுக்கள். எஞ்சியவை ஏறத்தாழ முழுவதும் 238. ஒரு கிலோகிராம் 235 முற்றும் பிளந்தால் இரண்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியின் வெப்பம் கிடைக்கும். 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் பெர்மி குழுவினர் அப்பிளவைக் கட்டுக்குள் நிறுத்திக் காட்டினர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவின் மீது யுரேனியக் குண்டு வீழ்ந்தது. அதில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோகிராமுக்கும் குறைவே. இன்று முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதே ஆற்றலால் மின்சாரம் பெறுகின்றன. 1986இல் செர்னோபிலும் 2011இல் புகுஷிமாவும் அதன் அச்சத்தையும் காட்டின.

ஆயினும் குண்டையும் உலையையும் மட்டுமே பேசுவோர் கழிவை மறந்துவிடுகின்றனர். கல்லை அரைத்து யுரேனியத்தை எடுத்தபின்னும், கல்லின் கதிரியக்கத்தில் பெரும்பகுதி எஞ்சிய சேற்றிலேயே தங்கிவிடும். அம்மையாருக்குப் புதையலாகப் பயன்பட்டது அதுதானே! அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து சர்ச் ராக் என்னுமிடத்தில் 1979 சூலை 16ஆம் நாள் அத்தகைய சேற்றுக் குளத்தின் அணை உடைந்தது. 35 கோடி லிட்டருக்கு மேற்பட்ட அமிலக் கழிவுநீரும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சேறும், நவஹோ மக்கள் ஆடு மேய்க்கும் ஆற்றில் கலந்தன. நம் நாட்டிலும் வெள்ளீயச் சுரங்கங்களில் எஞ்சும் அமாங் மணலில் மோனசைட்டு உண்டு. அதில் தோரியமும் சிறிது யுரேனியமும் உள்ளன. மோனசைட்டைப் பக்குவப்படுத்திய ஆலையொன்றின் கழிவு குறித்துப் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றதையும், அவ்வாலை 1994இல் மூடப்பட்டதையும் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பர்.

1995ஆம் ஆண்டு பிரான்சு அரசு, அம்மையாரின் உடலையும் பியேரின் உடலையும் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்கு மாற்றிற்று. தம் சொந்தத் தகுதியால் அவ்விடம் பெற்ற முதல் பெண்மணி அவரே. கல்லறையைத் திறந்தபோது கதிர்ப் பாதுகாப்புத் துறையினர் அளந்து பார்த்தனர். எதிர்பார்த்த அளவு ரேடியம் இல்லை. போர்க்காலத்து எக்ஸ் கதிர்களே அவர் நோய்க்குப் பெருங்காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதினர். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் ஈயத் தகடு பொருத்திய பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. அன்று அவர் விரல்களிலிருந்து ஒட்டிய ரேடியம் அத்தாள்களில் இன்றும் கதிர் வீசிக்கொண்டிருக்கின்றது. அவற்றைப் படிக்க விரும்புவோர், வரும் கேடு தம்மைச் சார்ந்ததே என்று கையொப்பமிட்ட பிறகே உள்ளே செல்ல முடியும்.